பிளாஸ்டிக் செங்கல்லால் முன்னேறுவது எப்படி?

லெகோ கட்டை விளையாடுவதற்குத்தான் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்காரர்கள். யாரும் சொல்லித்தராமலே எல்லாம் தெரிந்தவர்கள். இது மேலாளர்களுக்கும் பெற்றோருக்கும் முதலீட்டாளர்களுக்குமானது. கையில் எது கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு பலனைக் கறக்காமல் விடமாட்டோம் என்றிருக்கும் பெரியவர்களுக்கு.

முதலில் ஒரு கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே எட்டுக் குமிழ், அடியில் மூன்று குழாய். விஷயம் முழுக்க அந்தக் குழாயில் இருக்கிறது. டென்மார்க்கில் பிலுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய தொழில் இது. முதலில் மரப்பொம்மை, 1949-இல் பிளாஸ்டிக் கட்டை. அதுவும் இங்கிலாந்தின் ஹிலாரி பேஜ் செய்திருந்த கட்டையைப் பார்த்துச் செய்ததுதான். அப்போதெல்லாம் கட்டையின் உள்ளே வெறும் பொள்ளல். அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். ஓலேயின் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று அடியில் குழாய் வைத்த கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன்பின் குமிழ் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுகி உட்கார்ந்தது. குழந்தை இழுத்தால் வரும், தானாகக் கழன்று விழாது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் சேரும். போன வருஷத்து சார்ஜர் இந்த வருஷத்து போனில் சேராத வீட்டில் இதை உரக்கச் சொல்ல வேண்டாம்.

பொருள் புரிந்துவிட்டதா? இனி அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கூச்சம் வேண்டாம், நிறுவனமே காட்டிய வழி. 1990களில் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஐஎம்டி நிர்வாகப் பள்ளியின் யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் என்ற இரண்டு பேராசிரியர்களின் யோசனையிலிருந்து ‘லெகோ சீரியஸ் பிளே’ என்ற முறை பிறந்தது. கேள்விக்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, கட்டையால் கட்டிக் காட்ட வேண்டும். பிறகு கட்டியவரே அதன் கதையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கட்ட வேண்டும், எல்லோரும் பேச வேண்டும். 2010-இல் இந்த முறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். கட்டைக்கு மட்டும்தான் காசு. ஆலோசகருக்குத் தனி.

“நம் கம்பெனியைக் கட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வாருங்கள். எம்.டி. ஒரு கோபுரம் கட்டி உச்சியில் கொடி நட்டிருப்பார், கைதட்டுங்கள். விற்பனைப் பிரிவு ராக்கெட் கட்டியிருக்கும். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் ஒரு நீளச் சுவர் எழுப்பி, அதற்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு பொம்மையைச் சுவரைப் பார்த்தபடி நிறுத்தியிருப்பார். இது யார், ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்பதுதான் அந்த முறையின் உயிர். கேட்காதீர்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. குரூப் போட்டோ எடுத்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் பெட்டியில் கொட்டிவிடலாம்.

கலைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டான் ஏரியலியும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களுக்குக் கூலி கொடுத்து லெகோவின் பயோனிகிள் பொம்மைகளைப் பூட்டச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு முடித்த பொம்மைகள் கண்ணெதிரே வரிசையாக நின்றன. இன்னொரு சாராருக்கு, அடுத்ததைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே முந்தையதை எதிரில் உட்கார்ந்து கழற்றினார்கள். கூலிக் கணக்கு இரு சாராருக்கும் ஒன்றே. முதல் சாரார் சராசரியாகப் பத்துக்கு மேல் பூட்டினார்கள். மற்றவர்கள் ஏழோடு கையை உதறிக்கொண்டார்கள். ஆகவே ஊழியரைச் சம்பளம் குறைக்காமலே சோர்வடையச் செய்ய விரும்பும் மேலாளர், அவர் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கையை அவர் முன்னாலேயே ஓரமாக நகர்த்தி, “பிளான் மாறிடுச்சு” என்றால் போதும். பெரும்பாலான இடங்களில் இது ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால் பயிற்சி தேவைப்படாது.

சிக்கல் எது வந்தாலும் எதையாவது சேருங்கள், எடுத்துவிடாதீர்கள். லைடி க்ளோட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் சின்ன மகனோடு லெகோ பாலம் கட்டினார். ஒரு தூண் உயரம், ஒன்று குட்டை. அப்பா குட்டைத் தூணுக்குக் கட்டை தேடித் திரும்புவதற்குள் மகன் உயரத் தூணிலிருந்து ஒன்றை உருவிவிட்டான். பாலம் நேராகிவிட்டது. அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சி 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது: எடுத்தாலே தீரும் இடத்திலும் மனிதர்களுக்குச் சேர்க்கத்தான் தோன்றுகிறது. நீங்கள் அந்தப் பையனைப் போல் அவசரப்படாமல், தூண் உயர வேறுபாட்டை ஆராய ஒரு குழு போடுங்கள். லெகோ நிறுவனமே ஒரு காலத்தில் சேர்த்துக்கொண்டே போனது: பூங்கா, துணிமணி, வீடியோ கேம், பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிய உதிரி வகைகள். 2003, 2004 இரண்டும் நஷ்ட வருஷங்கள். 2004-இல் தலைமைக்கு வந்த யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் உதிரி வகைகளை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார், பூங்காக்களை விற்றார், கம்பெனி பிழைத்தது. இதை உங்கள் எம்.டி.யிடம் சொல்ல வேண்டாம். வெட்ட வேண்டியது எது என்பதில் அவருக்கு வேறு கருத்து இருக்கும்.

பெற்றோருக்கு: பெட்டியின் மேல் என்ன படமோ அதைத்தான் பிள்ளை கட்ட வேண்டும். எட்டுக் குமிழ்க் கட்டை வெறும் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ணிச் சொல்லியிருக்கிறார். நிறுவனம் பல காலம் சொல்லிவந்தது பத்துக் கோடிச் சொச்சம்தான்; அது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு வைத்தால் வரும் கணக்கு மட்டும். தொண்ணூற்று ஒன்றரைக் கோடி வழியிலும் உங்கள் பிள்ளை புகுந்துவிட்டால் டியூஷனுக்கு நேரமாகிவிடும். கட்டி முடித்ததை ஷோகேஸில் வைத்துப் பூட்டுங்கள்.

எம்.ஐ.டி.யின் சீமோர் பேபர்ட் வேறு மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணினி குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய புத்தகத்தின் பெயரைத்தான் 1998-இல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ ரோபோ பெட்டிக்கு வைத்தார்கள். வந்த சில வாரங்களில் அதன் உள் நிரலை வெளியாட்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் மேயட்டும் என்று அனுமதித்தது. என் கணக்கில் அந்த வியாபாரத்திலேயே புத்திசாலித்தனமான முடிவு அதுதான். ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு ஃபீஸ் கட்டும் நீங்கள் பிள்ளை எதையாவது பிரித்து மேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு, குமிழ்களையே பிரெயில் எழுத்தின் புள்ளிகளாக அமைத்த கட்டைகளும் இருக்கின்றன. இதில் நக்கலடிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. நகர்கிறேன்.

முதலீட்டாளருக்கு ஒரே விதி: திறக்காதீர்கள். 1987 முதல் 2015 வரை விற்பனைக்கு வந்த பெட்டிகளின் மறுவிற்பனை விலையை மாஸ்கோவில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சராசரி பதினோரு சதவீதம் ஏற்றம். முத்திரை உடையாத பெட்டிக்குத்தான் அந்த விலை. வாங்கி பீரோ மேல் ஏற்றிவிட்டுப் பிள்ளையிடம் இது உன் காலேஜ் ஃபீஸ் என்று சொல்லுங்கள். ஏணி இருக்கும் அறையைப் பூட்டுங்கள்.

கடைசியாக முதலுதவி. ராத்திரி இருட்டில் கட்டையை மிதித்துவிட்டால் அது நொறுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2012-இல் பிரிட்டனின் ஓபன் பல்கலைக்கழகத்தில் நாலு குமிழ்க் கட்டையை அழுத்திப் பார்த்தபோது அது நானூறு கிலோவுக்கு மேல் தாங்கிய பிறகுதான் மசிந்தது. உங்கள் பாதம் அதற்கு முன்பே மசியும். ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டைக் கட்டைகளைப் பல்லால் பிரிக்காதீர்கள். அதற்கென்றே ஒரு குட்டி நெம்புகோல் 1990 முதல் கிடைக்கிறது. ஆனால் தேவைப்படும் நேரத்தில் அது சோபாவுக்கு அடியில் இருக்கும்.

பிள்ளை பொம்மையின் தலையை விழுங்கிவிட்டால் பதறாதீர்கள். குழந்தை மருத்துவத் துறையினர் ஆறு பேர் ஆளுக்கொரு லெகோ தலையைத் தாங்களே விழுங்கி, மலத்தில் தேடி, 2018-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். சராசரியாக 1.71 நாளில் வந்துவிட்டதாம். ஒருவருடைய தலை மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை. படித்துத் தேர்ந்த மருத்துவரே தேடிக் கிடைக்காததை நீங்கள் தேட வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இது தலைக்கு மட்டும். உள்ளே போனது பட்டன் பேட்டரியோ காந்தமோ என்றால், அல்லது பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், வழிகாட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.