சங்கு ஊதாத நாள்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் சீர்வரிசையோடு வந்தது. கூடத்தில் அழகுக்குத் தொங்கியதே தவிர, அதைப் பார்த்து யாரும் மணி சொன்னதில்லை. அதற்கு மில் சங்கு இருந்தது. எங்கள் கோவையில் சிங்காநல்லூர், பீளமேடு, பாப்பநாயக்கன்பாளையம் என்று மில்லுக்கு மில் ஒரு சங்கு. எது எந்த மில்லின் சங்கு என்று பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடக் குரலை வைத்துச் சொல்லிவிடும். முதல் சங்குக்கு அம்முச்சி அடுப்பு மூட்டுவாள். அடுத்ததற்குத் தூக்குப்போசியில் சோறு ஏறிவிடும். நான் போர்வைக்குள் இருந்தால், “ஏங்கண்ணு, சங்கு ஊதிப்போட்டாங்க, இன்னும் என்ன தூக்கம்?” என்பாள். மில்லில் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஆனாலும் ஊதியது எனக்கும் சேர்த்துத்தான்.

1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில் என்று தொடங்கிய வரிசை, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மளமளவென நீண்டது. ஊரே பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்றாகப் பிரிந்து தூங்கியது. அப்புச்சி ரிங் ஃபிரேமில் வேலை பார்த்தார். அங்கே இழை அறுந்தால் அவருக்கு யாரும் சேதி அனுப்பவில்லை. நடந்துகொண்டே இருப்பார், கண்ணில் பட்ட அறுந்த இழையை ஒட்டிவிட்டு மேலே நடப்பார். அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்த கதிர்கள், “நாங்கள் நன்றாக ஓடுகிறோம்” என்று அவரிடம் வந்து சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் பேரனான நான் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் முழு நைட் பார்க்காமல் சம்பளம் வாங்குகிறேன். முழு நைட் பார்ப்பது என் நிரல். அது ஓடி முடித்ததும் குழுவின் சேனலுக்குத் தானே சேதி அனுப்பும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்கில் ஒரு வெப்ஹுக் முகவரி வாங்கிக்கொண்டு, நிரலின் கடைசியில் அந்த முகவரிக்கு ஒரு வரி அனுப்பச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தால் மறுமுனை ‘ஓகே’ என்கிறது. அந்த முகவரியை மட்டும் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். தெரிந்துகொண்டவர் எவரும் நம் சேனலில் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

இந்தியாவில் தந்தி நின்றது 2013 ஜூலையில். ஸ்லாக் தலைகாட்டியது அடுத்த மாதம். தந்தியில் வார்த்தைக்குக் காசு. ஆகவே வாழ்வு சாவு தவிர மற்றதற்கு யாரும் அடிக்கவில்லை. இதில் வார்த்தைக்குக் காசில்லை. ஆகவே வாழ்வு சாவு தவிர மற்றதெல்லாம் வருகிறது.

சேதி அனுப்பும் எங்கள் நிரலுக்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தோம். “பில்ட் முடிந்தது.” “டெஸ்ட் எல்லாம் தேறின.” “பேக்கப் ஆரம்பம்.” “பேக்கப் முடிந்தது.” சேனல் ஒன்றுக்கு நொடிக்கு ஒரு சேதி என்று ஸ்லாக் வரம்பு வைத்திருப்பது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் நின்றுபோன அதே நாட்களில் எங்கள் மேஸ்திரிக்கு ஓவர்டைம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து நிரலை ஓட்ட, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு ‘டிங்’. கொஞ்ச நாளில் குழுவில் எல்லோரும் சேனலை மியூட் செய்துவிட்டார்கள். மில்லில் மேஸ்திரியை மியூட் செய்யும் வசதி இருந்திருந்தால் அப்புச்சிக்கு இரத்த அழுத்தம் வந்திருக்காது.

பிறகு ஒரு மூத்தவர் சட்டம் போட்டார்: வெற்றியைச் சொல்லாதே, தோல்வியை மட்டும் சொல். நிரல் முடியும்போது சுழியம் தந்தால் வாயை மூடிக்கொள். வேறு எண் தந்தால் மட்டும் கூப்பிடு. சேனல் அமைதியானது. எல்லோரும் மியூட்டை எடுத்தோம். அமைதி அமோகமாகத் தொடர்ந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், பேக்கப் எடுக்கும் சர்வரே வார இறுதியில் படுத்துவிட்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய நிரலும் அதற்குள்தான் குடியிருந்தது.

சங்கின் அருமை தெரிந்தது அன்றைக்குத்தான். அது தினமும் ஒரே சேதியைச் சொன்னது. ஊருக்கு முன்பே தெரிந்த சேதி. ஆனால் ஊதாத நாளில் சந்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். கரண்ட் இல்லையா, ஸ்ட்ரைக்கா, கதவடைப்பா? தொழிற்சங்கத்து நோட்டீஸ் வந்து சேர்வதற்குள் மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டை மூடிவிடுவார். “சங்கு ஊதட்டுங்க, அப்பறம் பாக்கலாம்.” வரவேண்டியது வரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவரே. அவர் மில்லுக்கு வெளியே இருந்தார் என்பதுதான் இதில் முக்கியம்.

கண்காணிப்பையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது பழைய பாடம். நம் ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்ட கோவை.கோ நிறுவனம், மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரைக் கண்காணித்து எச்சரிக்கை அனுப்பும் பிஸ்டாக்360 மென்பொருளை விற்றே உலகச் சந்தையில் கால் ஊன்றியது. நாங்களும் மளிகைக் கடைக்காரரை நியமித்தோம். வேறொரு இயந்திரத்தில் ஒரு சிறு நிரல். பேக்கப் முடியும்போதெல்லாம் அதன் கதவைத் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே இருக்கும் வரை அது பேசாது. குறித்த நேரத்துக்குள் தட்டல் கேட்காவிட்டால் சேனலில் எல்லோரையும் எழுப்பும்.

ஏற்பாடு கச்சிதமாக இருந்தது, மேலாளர் எட்டிப் பார்க்கும் வரை. “ஒரு வாரமா சேனல்ல ஒண்ணுமே காணோமே, எல்லாரும் வேலை பாக்கறீங்ளா?” என்று கேட்டார். சேதி வராததுதான் நல்ல சேதி என்று விளக்கினோம். தலையாட்டினார். மறுநாள் முதல் காலையில் ஒரு வரி வேண்டும் என்றார். மேஸ்திரி இப்போது நாள் தவறாமல் “எல்லாம் ஓடுதுங்க” என்று எழுதுகிறது. உடனே குழுவில் பாதிப்பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள். மேலாளர் சேனல் முழுவதையும் குறிப்பிட்டு, “சூப்பர்ங்க” என்று பதில் போடுகிறார். அதற்கு எல்லோருடைய கைப்பேசியும் அதிர்கிறது.