புரூனோ டாடி

ஹைதராபாத்தின் மேற்கே, கொண்டாப்பூர், கச்சிபௌலி பக்கத்து அடுக்குமாடிகளில் நாய் வளர்ப்பவருக்குச் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. "கோகோ மம்மி வீடு எது?" என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை வழி சொல்வார்கள். அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள்.

நம் ஆள் புரூனோ டாடி. பூர்வீகம் கும்பகோணம், உத்தியோகம் மென்பொருள். வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. அப்படிப்பட்டவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறிக் கடையில் பார்க்கலாம். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, பையை மட்டும் கடைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

"பாயாவா, நல்லியா, சாப்?" என்பார் கடைக்காரர். பாயா என்றால் கடைக்காரர் அறிந்தது ராத்திரி முழுக்கக் கொதித்து, பொட்லி மசாலா மணக்க, விடிந்ததும் குல்ச்சாவைத் தோய்த்துச் சாப்பிடும் ஆட்டுக்கால் பண்டம். "மசாலாவும் தரட்டுமா?"

"வேண்டாம், சூப்புக்கு. குழந்தைக்கு."

"என்ன வயசு?"

"மூணு. சரியாவே சாப்பிட மாட்டேங்கறான்."

கடைக்காரர் உச்சுக்கொட்டிவிட்டு, காசு வாங்காமல் இன்னொரு எலும்பைப் பையில் போடுவார். மூன்று வயதுக் குழந்தை முப்பத்திரண்டு கிலோ லாப்ரடார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சமையல் பால்கனியில். அதற்கென்று தனிக் குக்கர், தனிக் கரண்டி, தனி இண்டக்ஷன் அடுப்பு. தன் வீட்டில் காபி டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், இங்கே காட்டும் சிரத்தை சொல்லி மாளாது. வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது; இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுவிடும். உப்பு போடக் கூடாது. மணிக்கணக்கில் கொதித்ததும் வடிகட்டி, எலும்பு ஒன்றுவிடாமல் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். குளிர வைத்து, மேலே உறைகிற கொழுப்பை வழித்தெறிய வேண்டும், இல்லாவிட்டால் கணையம் வீங்கும். இத்தனையும் உண்மை, கால்நடை மருத்துவர்கள் சொல்வதுதான். ஹலீமுக்கு 2010இலேயே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. பொரித்த வெங்காயம் இல்லாமல் இங்கே அடுப்பே பற்றாது. அந்த ஊரில் வெங்காயமும் பூண்டும் படாமல் ஓர் அசைவம் தயாராகிறதென்றால் அது புரூனோவின் சூப்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதையெல்லாம் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, தனிப் பாத்திரம்... உங்கப்பா திவசத்துக்கே நீ இத்தனை மடி பார்த்ததில்லையேடா" என்றாள். அன்று மத்தியானம் அவளுக்கு நேற்றைய ரசம்.

இந்தச் சூப் வியாதி எங்கே ஆரம்பித்தது என்று விசாரித்தேன். போன கோடையில் ஒருநாள் வெயிலுக்கு மந்தமாக இருந்த புரூனோ, தட்டிலிருந்த டாக் ஃபுட் உருண்டைகளை முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டது. டாடி பதறிப்போய், தீனிமேல் ஊற்றவென்று கடையில் விற்கிற டாப்பர் ஒன்றைப் பிரித்து ஊற்றினார். புரூனோ எழுந்து நக்கித் தீர்த்தது. மறுநாளும் முகர்ந்தது, படுத்தது, ஓரக்கண்ணால் பார்த்தது. டாப்பர் போய்ச் சூப் வந்தது. இவ்வளவுதான் கதை. உட்கார், எழுந்திரு, கை கொடு என்று புரூனோவுக்குப் பழக்க டாடி ஆறு மாதம் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்தார். டாடியைப் பழக்கப் புரூனோவுக்கு ஒரு பைசா செலவில்லை.

மருத்துவரிடமும் போனார். அவர் நாயைச் சோதித்துவிட்டு, "பசி நன்றாகத்தான் இருக்கிறது. தீனியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி வையுங்கள்" என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். மனித நாக்கில் சுவைமொட்டு சுமார் 9,000 என்றால் நாய்க்கு 1,700தான். அது மூக்கால் சாப்பிடுகிற ஜீவன். அந்த உருண்டைகள்மேல் கொழுப்பும் ஈரல் சாறும் தெளித்துத்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள், சூடுபட்டால் அந்த வாசனை கிளம்பிவிடும். "சூப்போ பிஸ்கட்டோ, மேல்தீனி எல்லாம் சேர்ந்து அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபது நிமிஷம் பாருங்கள், சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள்." டாடிக்கு முகம் விழுந்துவிட்டது. "வெந்நீர்னு சொல்றதுக்கு எண்ணூறு ரூபாயா!" தட்டை எடுக்கச் சொன்னதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை.

"அந்தக் காலத்துல நம்மாத்து மணிக்குத் தயிர்சாதம்தானேடா போட்டோம்?" என்று அம்மா கேட்டபோது டாடி சரித்திரத்தில் இறங்கிவிட்டார். தார்னாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் தொடங்கி 1958இல் இங்கே இடம் மாறியது. அதைத் தொடங்கிய மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸிச் சாப்பாடு தின்றவை கடைசி. "அதனாலதான் புரூனோவுக்குத் தயிர்சாதம் கிடையாது" என்று முடித்தார், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

சாயங்காலம் கொண்டாப்பூர் நாய்ப் பூங்காவுக்குப் போனால் இந்த இனத்தார் மொத்தமாகக் கிடைப்பார்கள். 1.3 ஏக்கரில் மாநகராட்சி 2018இல் திறந்தது. நாய்கள் ஓடும், பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு பரிமாறுவார்கள். "நாங்க கோழிக்கால் போடறோம், அல்வா மாதிரி உறையுது." "நாங்க மஞ்சள் ஒரு சிட்டிகை." பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூடக் குறைத்துச் சொல்வார்கள், சூப் கொதித்த நேரத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள். சற்றுத் தள்ளி, தீனித் தட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்த புரூனோ, யாரோ சிந்திய பொரியைப் புல்லோடு சேர்த்துத் தின்றுகொண்டிருக்கும்.

டாடியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில், மனைவி வேலையில். பரிமாறினால் வாலாட்டிச் சாப்பிட வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறதே. ஒன்றே ஒன்று: நாய் நிஜமாகவே ஒருநாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் குக்கரைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள்.

அவர் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போக நேர்ந்தால் இன்னொன்று. எலுமிச்சை ஜூஸ் கொடுப்பார், நல்ல மனுஷர். ஐஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஃப்ரீசரில் ஐஸ் தட்டு இரண்டு இருக்கிறது, எது எது என்று அவருக்கும் சில நாள் மறந்துபோகிறது.