புலம்பெயர் மாணவர் அடுக்களையில் பால் பொங்குதலும் பொங்காமையும்: ஒரு பன்முக நோக்கு

பொங்கல் பற்றி இதுவரை வந்த ஆய்வுகள் பலவும் பால் பொங்கும் என்ற முன்முடிவோடு எழுதப்பட்டவை. முற்றம், மண்பானை, பனையோலை எல்லாம் வாய்த்த இடத்தில் பால் பொங்குவதில் என்ன வியப்பு? பொங்கினால் அலாரம் அடிக்கும், வழிந்தால் வீட்டுக்குக் கட்டிய முன்பணம் குறையும் என்ற சூழலில் அது எவ்வாறு பொங்குகிறது என்று கேட்பார் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஏதாவது ஓர் இடைவெளியை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் நெறியாளர் கையெழுத்திடார்.)

ஆய்வுக்களம், பெர்லினில் தமிழ் மாணவர் மூவரும் ஜெர்மானியர் ஒருவரும் பகிர்ந்துகொள்ளும் ஓர் அடுக்களை. முதன்மைத் தரவு, அம்மாக்களின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள். துணைமைத் தரவு, அவற்றை மறுத்து அத்தைமார் அனுப்பியவை. யூடியூப் காணொளிகள் காலத்தால் பிந்தியவை ஆதலின் விலக்கப்பட்டன. கருதுகோள்: பொங்கும்.

காலம்

தை முதல் நாள் 2024-இல் ஜனவரி 15, 2025-இல் 14, 2026-இல் மீண்டும் 15. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள பங்காளிச் சண்டையை இங்கே இழுக்க விரும்பவில்லை. தை முதல் நாள்தான் புத்தாண்டா என்பதையும் தொடமாட்டேன். 2008-இல் சட்டம் அப்படிச் சொன்னது, 2011-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, இரண்டு முறையும் அறிஞர்களிடம் சான்று தயாராக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வது உடம்புக்கு நல்லது.

பெர்லினில் எழும் சிக்கல் வேறு. எப்போது பானை வைப்பது என்பதில் மூன்று மரபுகள் உள. சென்னைக் கடிகார மரபினர் நாள்காட்டித் தாளில் போட்ட நல்ல நேரத்தையே கொள்வர். அங்கே காலை 7.30 என்றால் இங்கே விடியற்காலை 3.00. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது இந்நாட்டு வழக்கு. ஆதலின் இம்மரபினர் “பொங்கலோ பொங்கல்” என்பதைக் கிசுகிசுப்பாகக் கூவுவர். உள்ளூர்ச் சூரிய மரபினர் உதயத்துக்குக் காத்திருப்பர், அது 8.10-க்கு மேகத்துக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும். நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிதான் ஏறும். சென்னையில் அதே நாளில் 56. மூன்றாவதான சனிக்கிழமை மரபே இன்று பெருவழக்கு. தை முதல் நாள் வகுப்பு இருக்கும், பிப்ரவரியில் தேர்வு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இராது. பச்சரிசி மறந்தவனுக்கு அன்று பிராயச்சித்தமே இல்லை.

ராகு காலம் குறித்து ஒரு கண்டுபிடிப்பைப் பதிவு செய்தாக வேண்டும். பகற்பொழுதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுப்பது முறை. பன்னிரண்டு மணி நேரப் பகல் என்று வைத்துக்கொண்டுதான் ஒன்றரை மணி நேரம் வந்தது. தைப் பிறப்பின்போது பெர்லினில் பகலே எட்டு மணி நேரம் பத்து நிமிடம். ராகுவின் பங்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆக, நாளொன்றுக்கு அரை மணி நேரம் போல ராகு காலம் மிச்சமாகும் ஊர் இது. சுற்றுலாத் துறை இதை இன்னும் விளம்பரப்படுத்தாதது வியப்பே. நார்வேயின் ட்ரொம்சோ இன்னும் மேல். நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை. பிரிக்கப் பகலே இல்லாததால் ராகுவுக்கு வேலையும் இல்லை. ஜனவரி 21 வாக்கில் மலைக்கு மேல் சூரியன் முகம் காட்டியதும் அவ்வூரார் இனிப்பு பன் தின்று கொண்டாடுகிறார்கள். இது பொங்கலின் வடதுருவத் திரிபு என்று நிறுவ ஒரு பயணப்படி போதும்; விண்ணப்பித்திருக்கிறேன்.

போகி

எரிப்பது பற்றி வாடகை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது.

பொருள்

பச்சரிசிக்குப் பதில் பாலில் வேகவைத்துத் தின்ன இந்நாட்டார் வாங்கும் மில்ஹ்ரைஸ் என்னும் குண்டரிசி. குழையும், குறை சொல்ல முடியாது. பாசுமதியில் பொங்கல் வைத்தோர் உளர். அவர்கள் பெயரை ஆய்வு அறம் கருதி மறைக்கிறேன். நெய், புட்டர்ஷ்மால்ஸ் என்ற பெயரில் எல்லா அங்காடியிலும் கிடைக்கும். பாலில் 3.5 சதவீதக் கொழுப்பு, 1.5 சதவீதக் கொழுப்பு என இரு சமயங்கள். முன்னது சைவம் போலப் பழமை, பின்னது உடற்பயிற்சிக்கூடம் போவோர் தழுவியது.

வெல்லத்துக்கும் கரும்புக்கும் ஈழத் தமிழர் கடைதான் கதி. அண்ணர் கல்லாவிலிருந்தே விசாரித்தார்.

“எப்ப பொங்கிறியள், தம்பி?”

“சனிக்கிழமைண்ணா.”

“அது தைப்பொங்கல் இல்லைத் தம்பி, சனிப்பொங்கல். நாங்கள் வியாழக்கிழமை விடியவே பொங்கிப்போட்டுக் கடை திறப்பம்.”

(கடைக்காரர், நேர்காணல், மீதிச் சில்லறை எண்ணும்போது.) சனிக்கிழமை மரபின் மீது இதுவரை வைக்கப்பட்ட மறுப்புகளில் வலுவானது இதுவே. ஆயினும் கரும்பை முழங்கை நீளத் துண்டாக வெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தவரும் அவரே என்பதால், தூய்மை வாதத்தில் அவருக்கும் ஓரளவே உரிமை உண்டு.

பொங்குதல்

இனிக் கட்டுரையின் உயிர்நிலை.

ஊரிலிருந்து வெண்கலப் பானை வந்தது. விமானத்தில் அனுமதித்த 23 கிலோவில் அதற்கு இடம் தர ஒரு கம்பளிச் சட்டையும் பருப்புப்பொடியும் தியாகம் செய்யப்பட்டன. இங்குள்ளது இண்டக்ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது பாத்திரமாகவே மதிக்காது. வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. வைத்தோம், அடுப்பு ஒரு முறை கண் சிமிட்டி அணைந்தது. எனவே மஞ்சள் கிழங்கு கட்டி, பொட்டு வைத்து, பானையைச் சன்னலோரம் அமர்த்திவிட்டு, எவர்சில்வர் சட்டியில் பால் காய்ச்சினோம். முன்னது மூலவர், பின்னது உற்சவர். வெண்கலத்தில் இருப்பவரே உற்சவர் என்பது கோயில் வழக்கு. இங்கு தலைகீழாகியிருப்பதை ஆகம வல்லுநர் பொறுத்தருள்க. (மஞ்சள் கொத்து கிடைக்காமல் வெறுங்கிழங்கை சார்ஜர் ஒயரால் கட்டியதையும் சேர்த்தே பொறுக்கவும்.)

பால் பொங்குவது எதனால்? சூடேறும்போது புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஏடாகப் படியும். கீழிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி நுரையாகத் திரண்டு ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஏறும். சூடு நின்றதும் நுரை அமரும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் புலம்பெயர் பொங்கலின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏனெனில் இவ்வடுப்பின் பொத்தான்கள் கண்ணாடிப் பரப்பிலேயே, முன்விளிம்பில் தொடுபுலனாக அமைந்தவை. அவற்றின்மேல் ஈரம் பட்டால் அடுப்பு கீச்சிட்டுத் தானே அணைந்துவிடும். பால் ஏறியது. நெல்லைக்காரன் தட்டைத் தட்டத் தயாரானான். வழிந்த முதல் துளி பொத்தானைத் தொட்டது. பீப், பீப், பீப். நுரை அமர்ந்தது. பொங்கிற்றா, இல்லையா?

கோவைக்காரர் கட்சி: ஒரு துளி வழிந்தாலும் பொங்கியதே (அம்மா, குரல் பதிவு). நெல்லைக்காரர் கட்சி: நாலா பக்கமும் வழிய வேண்டும் (அம்மா, நீண்ட குரல் பதிவு, நடுவில் மிக்ஸி ஓடுவதால் சிதைவு, சிதைந்த பகுதியில் “கிழக்கால” என்ற சொல் மட்டும் தெளிவு). தஞ்சைக்காரர் கட்சி: கிழக்கே வழிந்தால்தான் கணக்கு (அம்மா, நள்ளிரவுக் குரல் பதிவு, அப்பாவின் இடையீட்டுடன்; அதற்கு அத்தையின் மறுப்பு தனி அழைப்பில்; அவ்வழைப்பு பற்றி அம்மா அனுப்பிய விளக்கவுரை; அவ்விளக்கவுரையை அழித்துவிட்டதாகக் காட்டும் வெற்றுக் குறிப்பு). அழிக்கப்பட்ட அப்பதிவில் என்ன இருந்திருக்கும் என்பதே என் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு. கிடைக்காத நூலை வைத்துப் பேராசிரியரான முன்னோர் நமக்கு வழிகாட்டிச் சென்றிருக்கிறார்கள்.

கிழக்கு எது என்று ஃபோனின் திசைகாட்டியைப் பார்த்தோம். அடுப்பருகே கொண்டுபோனதும் முள் கிறங்கிச் சுற்றியது.

அடுப்பின் கீச்சொலி பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. இது பாதுகாப்பு ஏற்பாடு என்பர் கையேட்டாசிரியர். அவர் குலவை கேட்டறியாதவர். பால் வழிந்த அதே கணத்தில், யாரும் கேளாமலே, உச்சத்தொனியில், இடைவிட்டு இடைவிட்டு எழும் ஒலியை வேறு என்னவென்று கொள்வது? அடுப்பு குலவையிட்டது என்பதே என் துணிபு.

அணைவதைத் தவிர்க்கப் பிற்கால அறிஞர் இருவழி கண்டனர். ஒன்று, பொங்கும் கணத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு ஓடி அங்கே பொங்கவிடுவது. எத்தனை வேகமாய் ஓடினாலும், மேற்சொன்ன துயர வாக்கியத்தின்படி, தொட்டிக்குப் போய்ச் சேர்வது அமர்ந்த பாலே. மற்றது, சட்டியைப் பின்வரிசையில் வைப்பது. இதில் பால் பொத்தானுக்கு எட்டாமல் சுவர்ப்பக்கம் வழியும், வழியவும் வழிந்தது. ஆனால் எழுந்த ஆவி நடைவழிப் புகையுணர்விக்குப் போகாதிருக்கக் கதவை இறுகச் சாத்தியிருந்தோம். ஆகவே இப்பொங்கலுக்கு ஆய்வாளர் மூவரைத் தவிர சாட்சி இல்லை. மூவரும் சார்புடையோர்.

மாட்டுப் பொங்கல்

மாடு இல்லை.

காணும் பொங்கல்

வீடியோ காலில் கண்டனர். “இளைச்சுட்டியே” என்பது ஒருமித்த கருத்து. (நேரில் காண விழைவோர் பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் ஈழத் தமிழர் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலுக்குப் போகலாம்.)

எஞ்சிய சிக்கல்

பாலுக்குப் பின் அரிசியும் வெல்லமும் சேர்ந்து இன்னொரு முறை பொங்கின. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, கூவவும் இல்லை. கண்ணாடியில் வழிந்த வெல்லப்பாகைச் சூடு ஆறுமுன் சுரண்டாவிட்டால் பரப்பில் குழி விழும். சுரண்டுவதற்கென்றே பிளேடு பொருத்திய ஒரு கருவி இந்நாட்டு அடுக்களைதோறும் உண்டு. எங்கள் இழுப்பறையில் இருந்ததில் நாலாம் அறைக்காரரின் பெயர் ஒட்டியிருந்தது. அவரே வந்து, கையுறை மாட்டி, சாய்கோணம் பிசகாமல் சுரண்டினார். பிறகு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். இலவங்கப்பட்டை போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். முந்திரியை மட்டும் பொறுக்கி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இது எந்தத் தேதி என்று அவர் கேட்டபோது மூவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். மறுநாள் சுவரில் ஒட்டியிருந்த துப்புரவுப் பட்டியலில் ஜனவரி மாதத்தில் மூன்று தேதிகளைக் கட்டம் கட்டி, மூன்றுக்கும் நேரே எங்கள் பெயர்களையே எழுதி வைத்திருந்தார்.