கொஞ்சம் இழுத்து விடு, பாப்பா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல்லில் மாவை ஊற்றிய அதே நொடியில், கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன். மகனுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டுமாம்.

"நீதான் டிசைன் படிக்கிறியே பாப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்கிறவர்களை ஒரு நாள் வரிசையாக உட்காரவைத்து, அஞ்சு நிமிஷத்தில் ஒரு 'ண' வரையச் சொல்ல வேண்டும். மூன்று சுழியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரே மாதிரி வரைந்தால் ஒரே மாதிரி தெரியாது. இது புரிவதற்கே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. தோசை கருகியது தனிக்கதை.

சரி, உறவாயிற்றே என்று செய்து அனுப்பினேன். மறுபடி போன். சம்பந்தியின் பெயர் இரண்டே எழுத்து. சித்தப்பாவுக்கோ முருகனுடைய பெயர்களிலேயே நீளமானது. இரண்டும் எதிரெதிரே வருவதால் ஒரே அகலத்தில் இருக்க வேண்டுமாம். "இல்லாட்டி அவங்க வீட்டுல தப்பா நினைப்பாங்க. அவர் பேரைக் கொஞ்சம் இழுத்து விடு, பாப்பா."

நீங்களும் இழுத்தவர்தான், மறுக்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் அந்தக் குட்டிச் சதுரத்தை மவுஸால் பிடித்து, காலி இடம் நிரம்பும்வரை மாவு பிசைகிற மாதிரி இழுத்திருப்பீர்கள். நானே பிளஸ் டூ படிக்கும்போது ஆண்டு விழா பேனரில் தலைமையாசிரியர் பெயரை மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தவள்தான். அவர் கைகுலுக்கிப் பாராட்டினார். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, எழுத்தை ஏன் இழுக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்களை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் காரணம்: அகலவாக்கில் இழுத்தால் நிற்கிற கோடெல்லாம் பருத்துவிடும். படுத்திருக்கிற கோடு பழைய ஒல்லியிலேயே கிடக்கும். 'ட'வுக்கு இருப்பதே இரண்டு கோடு. இழுத்த 'ட'வில் நிற்கிற கோடு பயில்வான், படுத்த கோடு டைபாய்டில் கிடந்து எழுந்தவன். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யார் நம்புவார்?

அளவு சரியில்லையா, புதிதாக வார்க்க வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்தார்கள். 1713 வாக்கில் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்தன. எல்லாம் பெரிய பெரிய எழுத்து. அதை வைத்து அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. அங்கே மதபோதகராக இருந்த சீகன்பால்குவின் ஆட்கள் உள்ளூரிலேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே? சீமையிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். 1715இல் புதிய ஏற்பாட்டையே அச்சடித்து முடித்துவிட்டார்கள். பாலாடைக்கட்டி டப்பாவை உருக்கியவர்களுக்கு இருந்த நாணயம், கையில் கம்ப்யூட்டர் இருக்கிற நமக்கு இல்லை.

இரண்டாவது காரணத்துக்கு வருமுன் என் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த செமஸ்டரில் ஒரு தமிழ் எழுத்துருவை முழுசாக வரைந்து கொடுக்க வேண்டும். "நாலு வயசுல அரிச்சுவடி முடிச்சே. இருபது வயசுல லட்ச ரூபா கட்டி மறுபடியும் 'அ'னா 'ஆ'வன்னாவா?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. கொம்பு, துணைக்கால், சங்கிலிக் கொம்பு எல்லாம் ஒரு தடவை வரைந்தால் போதும், எல்லா எழுத்துக்கும் வாடகைக்கு விட்டுவிடலாம். உகரமும் ஊகாரமும்தான் உயிரை எடுப்பவை. கு, சு, து, மு என்று நாலும் நாலு விதமாக வளைகின்றன. குறிலில் பு கூட்டத்தோடு இருந்த ச, நெடிலானதும் கூ பக்கம் கட்சி மாறிவிடுகிறது. ஆகப் பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டு, மொத்தம் 36 தனி வடிவங்கள். அந்த 36இல் ஒன்றுதான் ஙூ.

ஙூ. எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அரிச்சுவடி அட்டையைத் தவிர? மூன்று ராத்திரி இந்த ஙூவோடு குடித்தனம் நடத்தினேன். பூவைப் பார்த்து வரையலாம்தான். ஆனால் பூவுக்கு இருக்கிற வயிற்றுக் காலியிடம் ஙூவுக்கு இல்லை. மேலேயே அத்தனை மடிப்பு. அதற்குக் கீழே ஒரு சுழியைத் தொங்கவிட்டால், சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் தொப்பைக்குக் கீழே செருப்பைத் தேடுகிற மாதிரி இருக்கிறது. சுழியைச் சின்னதாக்கினால் ஙு ஆகிவிடுகிறது. ஆனால்தான் என்ன? இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு எவன் ரயிலைத் தவறவிடப் போகிறான்?

அந்தக் குடும்பமே அப்படித்தான். ங் ஒருத்தர்தான் சங்கம், தங்கம், பங்கு என்று ஓடி ஓடிச் சம்பாதிக்கிறவர். ங எப்போதாவது 'அங்ஙனம், இங்ஙனம்' என்று கோர்ட்டுக் கட்டுகளில் தலைகாட்டும். ஙாவைக் கைக்குழந்தைகள் காப்பாற்றி வருகின்றன. ஙேவுக்கு எழுத்தாளர் ராஜேந்திரகுமார் வேலை வாங்கிக் கொடுத்தார். அவருடைய பாத்திரங்கள் 'ஙே' என்று விழித்தே அதற்கு பென்ஷன் சேர்த்துவிட்டன. ஙொ, தெருவில் சண்டை வந்தால் மட்டும் சட்டையை மடித்துக்கொண்டு வரும். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. ஙி, ஙீ, ஙு, ஙூ, ஙெ, ஙை, ஙோ, ஙௌ எட்டும் வீட்டோடு. ஔவையார் ஆத்திசூடியில் இந்த ஙவுக்கும் ஒரு வரி ஒதுக்கினார். பிழைப்பில்லாத தன் வரிசையை ங கட்டிக் காப்பதுபோல நீயும் சுற்றத்தைக் கட்டிக் காப்பாற்று என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த ங நான்தான் போலிருக்கிறது. அல்லது ஙூவோ என்னவோ. படிப்பு முடிந்து வேலை கிடைத்தால் தெரியும்.

எதற்கு இதைச் சொல்ல வந்தேன்? பத்திரிகை.

நான் யூனிகோடில் செய்த கோப்பு அச்சகத்தில் திறக்கவில்லை. எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். அவர்களே பழைய பாமினி எழுத்தில் மறுபடி தட்டெழுதி எனக்கு அனுப்பினார்கள். என் கணினியில் பாமினி இல்லை. கொட்டை எழுத்தில் மேலே இருந்தது: ஜே, பி, யூ, கே, இசட், கே, ஒரு அரைப்புள்ளி. பாமினிக்காரர்களுக்கு அது 'திருமணம்'. எனக்கு ரேஷன் கார்டு எண்.

இதற்கு நடுவில் 'மாலை 6 மணி'யில் பழைய தும்பிக்கை 'லை' வேண்டும், அதுதான் மங்களம் என்று சித்தப்பா. பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் மாற்றத் தொடங்கியதை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணை போட்டு முடித்துவைத்தது என்றேன். "உனக்கு எப்பவும் அரசியல்" என்றார்.

புதன்கிழமை கடைசி போன். குரலில் ஒரு பணிவு. பத்திரிகையின் அடியில் பொடிசுகள் அழைக்கிற வரி இருக்குமே, 'எங்க மாமா கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று? அக்காவின் கைக்குழந்தைக்கு ஐந்து மாதம்தான். அது வந்துடுங்க என்று சொன்னால் பொருத்தமாக இருக்காதாம்.

"அதான் 'ஙா... ஙூ...'ன்னு போடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. ஆனா அச்சகத்து எழுத்துல அந்த ஙூ மட்டும் வர மாட்டேங்குதாம். உன்கிட்ட இருக்குமா பாப்பா?"

சித்தப்பா, இருக்கிறது. ஒன்றல்ல, பதினேழு இருக்கிறது. சுழி பெரியது, சுழி சின்னது, செருப்பு தேடுவது, தேடாதது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, கோணாமல் இருக்கப் படமாகவே மாற்றி அனுப்பினேன். அம்மாவைக் கூப்பிட்டும் காட்டினேன். "இதுக்கா லட்ச ரூபா" என்று இந்தத் தடவை கேட்கவில்லை, பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நேற்று பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய உறையைப் பிரித்து நேரே கடைசி வரிக்குப் போனேன். ஙா சாதாரணமாக இருந்தது. பக்கத்தில் ஙூ, அட்டையின் வலது ஓரம்வரை. மிச்ச இடம் காலியாகத் தெரிந்ததாம், இழுத்து விட்டிருக்கிறார்கள்.