நெட்டைக் கட்சியும் குட்டைக் கட்சியும்

ஹவானாச் சுருட்டு விற்கும் கடையில், தொழில் தெரிந்த விற்பனையாளர் வாடிக்கையாளரின் பணப்பையைப் பார்ப்பதற்கு முன் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "என்ன ருசி பிடிக்கும்?" என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் இருக்கிறது?" அரை மணி என்றால் இந்தப் பக்கத்து அலமாரி. இரண்டு மணி என்றால் எதிர்ப்பக்கம். நடுவில் இருக்கும் நாலடி இடைவெளியில்தான் சுருட்டுப் பிரியர்களின் உலகம் நெட்டைக் கட்சி, குட்டைக் கட்சி என்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

நெட்டைக் கட்சிக்காரர் நிதானஸ்தர். அல்லது அப்படிக் காட்டிக்கொள்கிறவர். சாய்வு நாற்காலி, நீண்ட மாலைப்பொழுது, குறுக்கே பேசாத நண்பர்கள் இத்தனையும் அமைந்த பிறகுதான் தீக்குச்சியைத் தொடுவார். குட்டைச் சுருட்டைக் காட்டினால், "முன்னுரை சரி, புத்தகம் எங்கே?" என்பார். குட்டைக் கட்சிக்காரருக்கோ அலுவலகம் உண்டு, குடும்பம் உண்டு, பால்கனியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்ற வீட்டுச் சட்டமும் உண்டு. "நீளச் சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கை எவன் ரசித்துக் குடித்தான்? காசு கொடுத்துவிட்டோமே என்றுதான் குடிக்கிறான்" என்பது அவருடைய நிரந்தரக் குற்றச்சாட்டு.

சண்டைக்கு வசதியாக கியூபாக்காரர்கள் அளவுகளை ஒழுங்காக வகுத்து வைத்திருக்கிறார்கள். நீளம் மில்லிமீட்டரில். பருமனுக்கு 'ரிங் கேஜ்' என்று ஒரு கணக்கு: ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று பார்ப்பது. 64 என்றால் முழுசாக ஓர் அங்குலக் கனம். ஒரே சுருட்டில் நீளத்தைப் பிரெஞ்சுக்காரன் முறையிலும் பருமனை ஆங்கிலேயன் முறையிலும் அளப்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. போதாததற்கு ஒவ்வொரு சுருட்டுக்கும் இரண்டு பெயர். வீட்டில் கூப்பிட ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல், தொழிற்சாலையில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர். 129 மில்லிமீட்டர் நீளமும் 42 ரிங் கேஜும் உள்ள சுருட்டு தொழிற்சாலையில் 'மரேவா'. அதுவே மொந்தேகிறிஸ்தோ பட்டையைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தால் 'நம்பர் 4'.

அந்த நம்பரிலாவது ஒழுங்கு இருக்கிறதா? மொந்தேகிறிஸ்தோ நம்பர் 1-இன் நீளம் 165 மில்லிமீட்டர். நம்பர் 3, 142. நம்பர் 4, 129. நம்பர் 5, 102. எண் ஏற ஏற உடம்பு குறைகிறது என்று புதிதாக வந்தவர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளும்போது, நம்பர் 2 ஒரு முனை கூம்பிப்போய், 52 ரிங் கேஜ் தொந்தியோடு நடுவில் வந்து நிற்கும்.

நெட்டைக் கட்சியின் பலமே அதன் தலைவர்கள்தான். முதலில் வின்ஸ்டன் சர்ச்சில். 1895-இல் இளம் ராணுவ அதிகாரியாக கியூபாவுக்குப் போனவர், அங்கிருந்து கொண்டுவந்த பழக்கத்தைச் சாகும்வரை விடவில்லை. 178 மில்லிமீட்டர் நீளமும் 47 ரிங் கேஜும் உள்ள சுருட்டுக்கு இன்று உலகமெங்கும் அவர் பெயர்தான். ஆனால் இந்தத் தலைவரைப் பற்றிக் குட்டைக் கட்சியிடம் ஒரு ரகசியக் கோப்பு இருக்கிறது. சர்ச்சில் பல நேரங்களில் சுருட்டை அணையவிட்டு வெறுமனே மென்றுகொண்டிருப்பார். எச்சிலில் ஊறி நைந்துபோகாமல் இருக்க நுனியில் பழுப்புக் காகிதம் சுற்றிக்கொள்வார். "உங்கள் தலைவரே பாதியில் விட்டதைத் தொண்டர்கள் எதற்கு முழுசாகக் குடிக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு நெட்டைக் கட்சியிடம் இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ. அறுபதுகளில் அவருடைய மெய்க்காவலர் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த சுருட்டின் மணம் அவரை இழுத்தது. யார் சுருட்டியது என்று விசாரித்தார். மெய்க்காவலருக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி தனக்கென்று சுருட்டியது அது. அந்த விசாரிப்பில் பிறந்ததுதான் கோஹிபா. ஹவானாவின் புறநகரில் எல் லாகித்தோ என்ற பழைய மாளிகை தொழிற்சாலையானது, பெண்கள் சுருட்டினார்கள். முதலில் அது விற்பனைக்கே இல்லை. அரசாங்கம் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1982-இல்தான் கடைக்கு வந்தது. அதன் புகழ்பெற்ற அளவு 'லான்செரோ': 192 மில்லிமீட்டர் நீளம், 38 ரிங் கேஜ். பென்சிலுக்குச் சற்றுத் தடித்த தம்பி. மேடையில் மணிக்கணக்காகப் பேசக்கூடிய மனிதருக்கு நீளமான சுருட்டு பிடித்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. 1985-இல் பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு அவர் புகைப்பதையே நிறுத்தியதுதான் கட்சிக்குப் பேரிழப்பு.

சே குவேராவைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். ஆஸ்துமா நோயாளியான அவருக்கு, நாளுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று வைத்தியர் கண்டிப்புப் போட்டாராம். மறுநாள் சே ஒன்றே ஒன்றைத்தான் கையில் வைத்திருந்தாராம்; அதன் நீளத்தைப் பார்த்து வைத்தியர் பேச்சிழந்து போனாராம். நடந்ததோ இல்லையோ, நெட்டைக் கட்சிக்காரர்கள் தங்கள் வைத்தியர்களிடம் போகும்போது இந்தக் கதையை நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று குட்டைக் கட்சி அடித்துப் பேசுவதற்கும் ஆதாரம் உண்டு. சுருட்டு ஒல்லியாக ஆக ஆக, உள்ளே அடைத்த இலைகளின் அளவுக்கு மேலே சுற்றிய இலையின் பங்கு கூடுகிறது. பார்த்துப் பார்த்து வளர்த்த மேலிலையின் ருசி நேராக நாக்குக்கு வருகிறது. விலையும் கைக்கு அடங்கும். மொந்தேகிறிஸ்தோ நம்பர் 4 பல பத்தாண்டுகள் உலகத்திலேயே அதிகம் விற்ற ஹவானாச் சுருட்டாக இருந்தது சும்மா இல்லை. தேர்தல் வைத்தால் குட்டைக் கட்சிதான் ஜெயிக்கும். நெட்டைக் கட்சிக்குப் பொதுக்கூட்டப் புகைப்படங்கள் நன்றாக அமையும்.

குட்டைக் கட்சிக்கும் ஒரு தலைவர் இருக்கிறார், அமெரிக்க ஜனாதிபதி. 1962 பிப்ரவரியில் ஜான் கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, மறுநாள் காலைக்குள் ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். கேட்டது ஹெச். உப்மனின் 'பெத்தி உப்மன்' என்ற சிறிய ரகம். சாலிஞ்சர் வாஷிங்டன் கடைகளைத் துழாவி 1,200 சேர்த்தார். எண்ணிக்கையைக் கேட்டுத் திருப்தியடைந்த கென்னடி மேசை இழுப்பறையைத் திறந்து, கியூபப் பொருள்களுக்குத் தடை விதிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இதைப் பின்னாளில் சொன்னவர் சாலிஞ்சரேதான். நாட்டுக்கே தடை போடப் போகிறவர், இரண்டு மணி நேரச் சுருட்டாகப் பார்த்துப் பதுக்கியிருக்கலாம். அவர் பதுக்கியதோ அடுத்த கூட்டத்துக்குள் முடிந்துவிடும் சங்கதி.

இந்த இடத்தில் ஓர் அளவுகோலையும் பள்ளிக்கூடக் கணக்கையும் உள்ளே விட்டால் இரண்டு கட்சிக்கும் சங்கடம். உருளையின் கொள்ளளவுக்கு நீளத்தை ஒரு தடவையும் விட்டத்தை இரண்டு தடவையும் பெருக்க வேண்டும். 192 மில்லிமீட்டர் லான்செரோவையும், கோஹிபாவின் குட்டையான 'ரொபஸ்தோ'வையும் (124 மில்லிமீட்டர், 50 ரிங் கேஜ்) பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே இறுக்கத்தில் சுருட்டியதாக வைத்துக்கொண்டால், குட்டைக்குள் இருக்கும் புகையிலை நெட்டையைவிடச் சுமார் 12 சதவீதம் அதிகம். கம்பீரமாக நீளத்தைத் தூக்கிப் பிடித்தவர் உண்மையில் குறைவாகக் குடிக்கிறார். அடக்கமாகக் குட்டையோடு மூலையில் உட்கார்ந்தவர்தான் பெருந்தீனிக்காரர்.

பார்த்தகாஸின் 'டி நம்பர் 6' இன்னும் வேடிக்கை. 2014-இல் வந்தது; 90 மில்லிமீட்டர்தான் நீளம், பருமனோ 50. பார்ப்பதற்கு வாமனர். ஆனால் கொள்ளளவில் 129 மில்லிமீட்டர் மொந்தேகிறிஸ்தோ நம்பர் 4-க்குக் கிட்டத்தட்ட சரிசமம்.

இப்படித்தான் சத்தமில்லாமல் மூன்றாவது கட்சி ஒன்று ஆட்சியைப் பிடித்தது: குண்டுக் கட்சி. நியூயார்க்கில் 2003-இல் மதுக்கூடங்களில் புகைக்கத் தடை, அயர்லாந்தில் 2004, இங்கிலாந்தில் 2007 ஜூலை 1. விருந்து முடிந்து தோல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. நின்றுகொண்டு, நடுங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரச் சுருட்டைப் பிடிக்க சர்ச்சிலாலும் முடியாது. நேரம் குறைந்தது, ஆசை குறையவில்லை. குறைந்த நீளத்தை அகலத்தில் ஈடுகட்டிக்கொண்டார்கள். மொந்தேகிறிஸ்தோவில் 'பெத்தி எட்முண்டோ' வந்தது: நீளம் 110, பருமன் 52. பெயரில் 'பெத்தி', அதாவது சின்னவன். இடுப்பளவைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

குண்டுக் கட்சிக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. ஹவானாச் சுருட்டின் உள்ளே பல ரக இலைகளைச் சேர்க்கிறார்கள். செடியின் கீழ்ப்பகுதி இலையான 'வோலாதோ' நன்றாக எரியும். நடுப்பகுதி 'செக்கோ' மணம் தரும். உச்சியில் வெயிலை வாங்கிய 'லிகேரோ' காரமானது, மெதுவாக எரிவது. பருமன் கூடினால் கலவைக்கு இடம் கிடைக்கிறது. புகையும் சூடு ஆறி வருகிறது. 38 ரிங் கேஜில் இத்தனையையும் திணித்து, அடைப்பில்லாமல் சுருட்டுவதற்குத் தேர்ந்த விரல்கள் வேண்டும். ஓர் இலை முறுக்கிக்கொண்டாலும் போதும், இழுப்பவரின் கன்னம்தான் உள்ளே போகும், புகை வெளியே வராது. எல் லாகித்தோவின் லான்செரோவுக்கு இருந்த மரியாதையில் பாதி அதைச் சுருட்டிய பெண்களின் கைகளுக்கு உரியது.

2010-இல் கோஹிபா 'பெஹிக்கே' வரிசையைக் கொண்டுவந்தபோது பாசாங்கெல்லாம் போயிற்று. 52, 54, 56 என்று ரிங் கேஜையே சுருட்டின் பெயராக வைத்துவிட்டார்கள். நீளம் என்ன என்று பெயரில் சொல்லக்கூட இல்லை. பெஹிக்கே 56-ஐ அதே கணக்கில் போட்டால், ஹெச். உப்மனின் 'ஹாஃப் கொரோனா' (90 மில்லிமீட்டர், 44 ரிங் கேஜ்) மூன்றுக்குச் சமமாக வருகிறது. ஒருவர் ஒரே மூச்சில் மூன்று ஹாஃப் கொரோனா பிடித்தால் கெட்ட பழக்கம் என்பார்கள். பெஹிக்கே 56 ஒன்று பிடித்தால் ரசனை என்பார்கள்.

அளவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஃப்ராய்டை விட்டுவிட முடியாது. நெட்டைக் கட்சிக்காரர்களை மனோதத்துவம் பேசிக் கேலி செய்கிறவர்களிடம், சுருட்டு சில நேரம் வெறும் சுருட்டுதான் என்று ஃப்ராய்டே சொல்லிவிட்டாரே என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அவர் எழுதியவற்றில் அப்படி ஒரு வாக்கியம் அகப்படவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் தீர்ப்பு. அகப்படுவது வேறு: அவர் நாளுக்கு இருபது சுருட்டு வரை பிடித்தார், அதிகம் பிடித்தது ஆஸ்திரிய அரசாங்கம் தயாரித்த 'த்ராபூக்கோ' என்ற சிறிய ரகம். குட்டைக் கட்சியின் மிகப் பெரிய அறிஞர் அவர்தான். 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டார். அப்போதும் சுருட்டை விடவில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குரிய புகையிலை இருக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் எச்சரிக்கிறது. சின்னதாகப் பிடித்தால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஃப்ராய்டின் தாடை பதில் சொல்லும்.

2022-இல் கோஹிபாவின் விலையை உலகமெங்கும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தியபோது மூன்று கட்சியிலும் கட்சித் தாவல் நடந்தது. நேற்றுவரை பெஹிக்கே இல்லாமல் பேச்சே தொடங்காதவர்கள், திடீரென்று சிறிய சுருட்டின் நுட்பங்களைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்கள். மேலிலையின் பங்கு, நாக்கின் கூர்மை, காலைக் காபியோடு அதன் பொருத்தம் என்று அவர்கள் அடுக்கிய காரணங்கள் எல்லாம் நியாயமானவை. விலைப்பட்டியலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

நீளத்தில் கடைசிச் சொல்லைச் சொன்னவர் ஹவானாக்காரரான ஹோஸே காஸ்தெலார். 'குவேத்தோ' என்று ஊரில் அறியப்பட்ட அவர், தன் சாதனையைத் தானே முறியடிப்பதைப் பழக்கமாக வைத்திருந்தவர். 2016 ஆகஸ்டில் காஸ்ட்ரோவின் 90-ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஹவானா துறைமுகத்துக் கோட்டையில் நீளமான மேசைகளை வரிசையாகப் போட்டு, 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுருட்டைச் சுருட்டி முடித்தார். பிறந்தநாள்காரர் புகைப்பதை நிறுத்தி 31 வருடம் ஆகியிருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நெட்டைக் கட்சிக்காரர்கள் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினார்கள். குட்டைக் கட்சிக்காரர்கள் கால்குலேட்டரை எடுத்து, 90 மீட்டரை ஹாஃப் கொரோனாவின் 90 மில்லிமீட்டரால் வகுத்தார்கள். சரியாக ஆயிரம் வந்தது. பெட்டிக்கு 25 வீதம் 40 பெட்டி. ஒவ்வொன்றும் அரை மணியில் முடிந்துவிடும்.