கப்பலேறும் மைதானம்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி எதற்கு உரியது என்று எண்பதுகளின் லண்டனில் யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஊரில் பிரச்சினை முற்றி, கையில் ஒரு பெட்டியோடு வந்து, டூட்டிங்கில் ஒரே அறைக்குள் நாலைந்து பேராகப் படுத்தெழும்பிய எங்களுக்குக்கூட, குளிர் பழகுவதற்கு முன்னமே அந்த நேரம் பழகிவிட்டது. விடிய விடியப் பெற்றோல் ஷெட்டில் நின்றுவிட்டு, எஃப்ரா வீதியில் 1981இலிருந்து இருக்கும் விம்பிள்டன் பிள்ளையாரைக் கும்பிட்டு, கோயிலில் தந்த சோற்றை வயிறாறச் சாப்பிட்டு, ஹேடன்ஸ் வீதி வழியே கொஞ்சத் தூரம் நடந்தால் பிளவ் லேன். விம்பிள்டன் கழகத்தின் உதைபந்தாட்ட மைதானம் அங்கேதான் இருந்தது. கோயிலும் பந்தடியும் நடை தூரத்தில் இருப்பதுதான் ஊர் என்று வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு, அந்நிய தேசத்திலும் அப்படியொரு மூலை வாய்த்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, ஊரைவிட்டு வந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பிளவ் லேன் அழகான இடமல்ல. வாண்டில் ஆற்றின் ஈரம் எப்போதும் அதன்மேல் படிந்திருக்கும். வாசலில் சில்லறையை நீட்டினால் இரும்புக் கதவு கடகடவென்று சுற்றி ஆளை உள்ளே தள்ளும். கோட்டுக்கு மிக அருகில் நிற்போம் என்பதால், பந்து நெற்றியில் படும் சத்தமும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசுவதும் தெளிவாகக் கேட்கும். என் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிற்பார். 1963இல் சட்டன் யுனைட்டெட்டுக்கு எதிரான அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் எடி ரெனால்ட்ஸ் நாலு கோலையும் தலையாலேயே அடித்த கதையை நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். நானும் என் பங்குக்கு நாவாந்துறையையும் குருநகரையும், துரையப்பா அரங்கில் பார்த்த ஆட்டங்களையும் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லுவேன். பந்து எதிரணிக் கோலுக்குக் கிட்டப் போனால் நான் என்னையறியாமல் ‘அடியடா!’ என்று கத்துவேன். ஒரு பருவம் முடிவதற்குள் அவரும் அதையே கத்தத் தொடங்கிவிட்டார். அந்தப் படியில் நின்ற இருபத்துச்சொச்ச வயதுப் பெடியனை, நீலமும் மஞ்சளுமான கழுத்துத் துணியை வேலைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனவனை, இன்று நினைத்தாலும் எனக்குப் பிரியமாகவே இருக்கிறது.

எல்லாம் இனித்த காலம் என்று சொல்லமாட்டேன். எண்பதுகளின் மைதானப் படிகளில் மண்ணிறத் தோல்காரன் தனியாக நிற்பதற்கு மனத்துணிவு வேண்டும். எதிரணிக் கூட்டம் வரும் பாதையைத் தவிர்த்து, சந்து பொந்துகளால் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. இன்று என் பேத்தி கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பயமென்றால் என்னவென்று தெரியாமல் எனக்கு முன்னால் ஓடுகிறாள். அந்த மாற்றத்துக்காக மட்டுமே புதிய காலத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். சில்லறைக்குச் சுற்றிய இரும்புக் கதவு போய்க் கைத்தொலைபேசியில் கோடும் கட்டமுமாக நுழைவுச்சீட்டு வந்ததும், தொலைக்காட்சிக்காக ஆட்டம் வெள்ளி இரவுக்கும் ஞாயிறு மத்தியானத்துக்கும் அலைவதும் அந்தக் கணக்கின் மறுபக்கம். அவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, மைதானமே ஊரைவிட்டுப் போவது.

1977இல்தான் லீக்குக்குள் சேர்க்கப்பட்ட கழகம், 1986இல் முதல் பிரிவுக்கு ஏறி, 1988 மே 14ஆம் திகதி வெம்ப்ளியில் லிவர்பூலை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. 37ஆவது நிமிடத்தில் லோரி சான்செஸ் தலையால் அடித்த கோல். பிறகு ஜோன் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த கிண்ண இறுதியாட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அதுதான். நான் அன்று ஷெட்டில் கல்லாவுக்குப் பின்னால், வானொலியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். பெற்றோல் அடிக்க வந்தவர்கள் காரை விட்டு இறங்காமல் தங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காசு வாங்க ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை.

அடுத்த ஆண்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிபட்டு ரசிகர்கள் இறந்தார்கள். அந்தக் கொடுமையில் உயிரிழந்தவர்கள் 97 பேர். அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோரும் இருந்துதான் பார்க்க வேண்டும் என்றது. உயிர்காத்த முடிவு அது. ஆனால் எங்கள் சிமெந்துப் படிகள் அதைத் தாங்கவில்லை. 1991இல் கழகம் பிளவ் லேனை விட்டு, கிறிஸ்டல் பலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குக் குடியேறியது. அங்கே போக இரண்டு ரயில் மாற வேண்டும். போனோம். தற்காலிகம் என்று சொன்னார்கள்; தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அறைகளில் வருசக்கணக்காக வாழ்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லின் நீளம் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் டப்ளின் கதை வந்தது. கழக உரிமையாளர் சாம் ஹம்மாமுக்கு, பிரீமியர் லீக் அணியில்லாத ஒரு தலைநகரம் கண்ணில் பட்டுவிட்டது. அணியை அங்கே கொண்டுபோனால் அரங்கு நிறையும், பணம் வரும் என்பது கணக்கு. விம்பிள்டன் தன் சொந்த மைதானப் போட்டிகளை ஐரிஷ் கடலுக்கு அப்பால் விளையாடும்! கிழவர் ரயிலில் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: ‘நான் அங்கே எப்படி நடந்து போறது?’ சின்ன வயதில் தகப்பனின் கையைப் பிடித்து நடந்துபோன மனிதர் அவர். ஹோலிஹெட் வரை ரயில், பிறகு கப்பல், இரவு தங்க ஓர் இடம் என்று அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லை தாண்டுவது என்றாலே வயிறு கலங்கிய காலம் எனக்கு. கழகம் டப்ளினுக்குப் போனால் எனக்கு அது செத்த மாதிரித்தான் என்று அன்றே விளங்கியது. அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கமும் எதிர்த்தது. தங்கள் ஊர்க் கழகங்களுக்கு வரும் கொஞ்ச நஞ்சக் கூட்டமும் போய்விடும் என்ற அவர்களின் பயமும், வீட்டை இழக்கும் எங்கள் பயமும் கடலின் இரு கரையிலும் நின்று ஒன்றையே சொன்னதை நான் மறக்கவில்லை.

டப்ளின் கைகூடவில்லை. ஆனால் ஒருமுறை விலை பேசப்பட்ட வீடு நிலைப்பதில்லை. 2002 மே மாதம், மூவர் குழு ஒன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கழகம் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் அழுதார்கள்; பிறகு சில வாரங்களுக்குள், விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தங்களுக்கென ஒரு கழகத்தை உண்டாக்கினார்கள். ஒன்பதாவது படியில் தொடங்கிய அந்த அணி 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில், பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய நாய்ப் பந்தயத் திடலில் எழுந்த புதிய பிளவ் லேனுக்குத் திரும்பியது. அதைக் கட்டி முடிக்க ரசிகர்களே கடன்பத்திரம் வாங்கிப் பணம் திரட்டினார்கள். கொரோனாவால் முதல் ஆட்டத்தைப் பார்க்க உள்ளே யாரையும் விடவில்லை. கிழவர் அதற்குப் பல வருசம் முன்னமே போய்விட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்று இருக்கலாம் என்றால், காலம் விடுவதாயில்லை. 2008இல் பிரீமியர் லீக், பருவத்தின் 38 ஆட்டங்களுக்கு மேல் 39ஆவதாக ஒன்றை வெளிநாட்டு நகரங்களில் நடத்தலாம் என்றது. எதிர்ப்பு கிளம்ப, கைவிட்டது. ஜிரோனா, பார்சிலோனா ஆட்டத்தை மயாமிக்குக் கொண்டுபோக ஸ்பெயினின் லீக் 2018இல் முயன்று தோற்றது. ஸ்பெயினின் சுப்பர் கிண்ணம் 2020இலேயே சவூதிக்குப் போய்விட்டது. 2025 ஒக்ரோபரில் விலாரியல் கழகம் பார்சிலோனாவோடு ஆட வேண்டிய சொந்த மைதான ஆட்டத்தை மயாமியில் ஆடலாம் என்று யூஃபா மனமில்லாமல் அனுமதி கொடுத்தது. ஸ்பெயின் எங்கும் ஆட்டக்காரர்கள் விசில் ஊதியபின் 15 வினாடி அசையாமல் நின்று எதிர்த்தார்கள். சில நாட்களில் ஏற்பாட்டாளர்களே ஆட்டத்தைக் கைவிட்டார்கள். குளிர்கால ஒலிம்பிக் விழாவுக்கு மிலானின் சான் சீரோ மைதானம் தேவைப்படுகிறது என்ற காரணத்தோடு, இத்தாலிய லீக்கில் மிலானும் கோமோவும் அவுஸ்திரேலியாவின் பெர்த்தில் ஆடும் திட்டமும் அந்த டிசம்பரில் கலைந்தது. ஒவ்வொரு முறையும் கலைகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துதான் கலைகிறது.

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் விடவில்லை. ‘மாமா, நீங்கள் மட்டும் நேரில பார்த்தால் காணுமோ? நாங்கள் விடியக்காலமை எழும்பி ரீவியில பார்க்கிறம். எங்கட பக்கம் ஒரு மட்ச் வந்தால் என்ன குறையுது?’ அவனுடைய ஆசையில் ஒரு பிழையும் இல்லை. தொலைவிலிருந்து ஒன்றை நேசிப்பது எப்படியென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ‘தம்பி, நல்லூர்த் தேரை ஒரு வருசம் ஸ்கார்பரோவில இழுத்தால் உனக்குச் சந்தோசம்தான், அண்டைக்கு நல்லூர் வீதியில நிக்கிற சனம் என்ன செய்யும்?’ என்று கேட்டேன். கோடைக்காலத்தில் நட்புப் போட்டிக்கு அணிகள் வரட்டும், வரவேற்போம். ஆனால் லீக் என்பது எல்லோரும் எல்லோருடைய வீட்டுக்கும் ஒருமுறை போய்வருவது. ஒரு வீட்டுக்காரரிடமிருந்து ஓர் ஆட்டத்தை எடுத்துக் கடல் கடத்தினால், ரசிகரின் சனிக்கிழமையோடு ஆட்டத்தின் நேர்மையும் போகிறது.

டப்ளின் திட்டத்தில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மில்டன் கீன்ஸ் வந்தபோது எங்கள் எதிர்ப்பு கேட்கப்பட்டது, எண்ணப்படவில்லை. விலாரியல் ஊர்க்காரருக்கு விமானச் சீட்டும் சலுகையும் தருகிறோம் என்றார்கள், வாக்குத் தருகிறோம் என்று சொல்லவில்லை. மைதானம் ஊரில் நிலைக்க வேண்டுமென்றால், அதற்கு நடந்து போகிறவர்களின் கையில் வாக்கு இருக்க வேண்டும் என்பதை இத்தனை காலம் எனக்குக் கற்றுத்தந்தது. இன்றைய விம்பிள்டன் அதன் ரசிகர் சங்கத்தின் கையில் இருக்கிறது, சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. என் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. வயது வந்ததும் பேத்தியின் பெயரையும் சேர்க்கப் போகிறேன். மருமகனுக்கும் சொல்லியிருக்கிறேன்: நீ வா, இந்த வீட்டில் படுக்க இடமுண்டு, மைதானம் நடை தூரம்.