மாட்டுப் பல்லும் மோன்சாக் கணக்கும்

என்றா கண்ணு, எழவூட்டுக்குப் போயிட்டு வந்தவனாட்ட மூஞ்சிய வெச்சிருக்கறே? ஓ, கார் ரேஸா. 2026-க்கு ஃபார்முலா ஒன்னுல புதுச் சட்டம் போட்டுட்டாங்க, இனி ஒரு சுத்துக்கு ஒண்ணு ரெண்டு செகண்டு தாமசமாகும்கறே. அதுக்கா காபித்தண்ணிய இப்படி ஆறவெச்சுட்டு உக்காந்திருக்கறே? மூணு அரியர் விழுந்தப்பக்கூட நீ இப்படி வாடலையே சாமி.

சித்த இக்கட்ட வா. அந்த செல்லை அட்டாலில வீசு. வேண்டாம், கையிலயே இருக்கட்டும். நாஞ் சொல்றது நெசமான்னு எப்படியும் தேடிப் பாப்பே.

இத்தாலில மோன்சான்னு ஒரு எடம். 2020-ல அங்க ஹாமில்டன் தகுதிச் சுத்துல மொத எடம், அதான் போல், எடுத்த சுத்து 1 நிமிசம் 18.887 செகண்டு. 2022-ல சட்டத்தை அடியோட மாத்துனாங்க. வண்டிக்கு அடியில போற காத்தே வண்டியக் கீழ இழுக்கோணும்னாங்க, சக்கரத்தைப் பெருசாக்குனாங்க, எடையும் ஏறுச்சு. அந்த வருசம் அதே மோன்சால லெக்லெர் போட்டது 1 நிமிசம் 20.161. நேர் ரோட்டுல காரெல்லாம் வெள்ளாட்டுக் குட்டியாட்டத் துள்ளுனது நெனப்பிருக்குதா? அன்னிக்கும் நீ இதே திண்ணைல இதே மூஞ்சியோடதான் இருந்தே. 2025-ல வெர்ஸ்டாப்பென் எவ்வளவு? 1 நிமிசம் 18.792. ஹாமில்டனையே தாண்டியாச்சு. நடுவால 2024-ல ரோட்டுக்குப் புதுத் தார் போட்டாங்க, அதும் ஒரு கை குடுத்துச்சு, இல்லீங்கல. ஆனா தாரா காரை ஓட்டுச்சு?

வேலி கட்டறவன் கட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவான். வெள்ளாடுதான் பொழுதுக்கும் அந்த வேலியப் பாத்துட்டே நிக்கும்.

1981-ல நடந்த கூத்தைக் கேளு. வண்டி தரையோட ஒட்டி ஓடுனா அடிக்காத்து உறிஞ்சும், வளைவுல வேகத்தைக் கொறைக்காமயே போலாம். ரொம்ப வெசையாப் போறானுகன்னு, தரைக்கும் வண்டிக்கும் நடுவால 6 சென்டிமீட்டர் சந்து இருந்தே ஆகோணும்னு சட்டம் வந்துச்சு. நல்ல சட்டந்தான். எங்க அளக்கறது? ஓடற வண்டிக்கு அடியில எவன் போயி ஸ்கேலை நீட்டுவான்? பிட்டுல நிக்கறப்பத்தான் அளக்கோணும். பிராபம் டீமுல கார்டன் மர்ரேன்னு ஒரு ஆளு. அவன் எண்ணெயும் காத்தும் அடைச்ச சஸ்பென்ஷன் ஒண்ணு பண்ணிப்போட்டான். ஓடறப்பக் காத்து அமுக்க அமுக்க வண்டி மெதுவா உக்காந்துக்கும், உடனே எந்திரிக்காது. ரேஸ் முடிஞ்சு உருட்டிக்கிட்டு வர்றப்ப, ஒண்ணும் அறியாத புள்ளையாட்ட எந்திரிச்சு நின்னுக்கும். கமிட்டிக்காரன் குனிஞ்சு பாத்தா 6 சென்டிமீட்டர் இருக்குது! மத்த டீமெல்லாம் கூப்பாடு போட்டாங்க. பொறகு அவங்களும் சுவிட்ச் வெச்சு வண்டிய ஏத்தி எறக்குனாங்க. அந்த வருசம் பிராபம் ஓட்டுன பிக்கேதான் சாம்பியன்.

எனக்கு அந்தக் கமிட்டிக்காரனை நெனச்சாத்தான் பாவமா இருக்குது. நான் ரேக்ளா ஓட்டுன காலத்துல பல்லுப் போடாத காளைக்கு 200 மீட்டர், போட்டதுக்கு 300 மீட்டர். வாயைத் தொறந்து பாத்துத்தான் வண்டிய விடுவாங்க. ஒரு நோம்பிக்கு என்ற செவலைக் காளை... சரி, அது இருக்கட்டும்.

1983-ல வண்டியோட அடிய மட்டமாக்குன்னாங்க. எஞ்சின்காரன் டர்போவை முறுக்குனான். 1985-ல சில்வர்ஸ்டோன்ல ரோஸ்பெர்க் ஒரு முழுச் சுத்தையே சராசரி மணிக்கு 258 கிலோமீட்டருக்கு மேல அடிச்சான். 2009-ல காத்தமுக்கத்தைப் பாதியாக் கொறைக்கறோம்னு கெளம்புனாங்க. பிரான் டீமு வண்டியோட பின்பக்க அடியில ரெட்டை டிஃப்யூசர்னு ஒரு பொந்து கண்டுபுடிச்சு, மொதல் 7 ரேஸ்ல 6-ஐ அள்ளிட்டுப் போச்சு.

இப்ப உன்ற 2026. வண்டி 10 சென்டிமீட்டர் ஒடுங்கும், எடை 30 கிலோப் போல எறங்கும். கரண்டு மோட்டாரோட வலு 120 கிலோவாட்டுல இருந்து 350. நேர் ரோட்டுல ரெக்கை மடங்கிக்கும், வளைவுல நிமுந்துக்கும். கணக்குப் போட்டா நேர்ல பறக்கோணும், வளைவுல திணறோணும், பேட்டரி தீந்தா ரெண்டுமில்ல.

அதையெல்லாம் உட்டுப்போட்டு ஒண்ணு மட்டும் பாரு. எஞ்சின் சிலிண்டர்ல காத்தை அமுக்கற விகிதம் 18-ல இருந்து எறக்கி, இனி 16-க்கு மேல போகப்படாதுன்னு எழுதுனாங்க. எப்ப அளக்கறதுன்னு மொதல்ல எழுதுனாங்க? எஞ்சின் ஆறிக் கெடக்கறப்ப! இரும்பு சூடானா விரியும்னு நம்ம கொல்லனுக்கே தெரியும். சூட்டுல விகிதம் ஏறற மாதிரி எவனோ பண்ணிப்போட்டான்னு, சீசன் தொடங்கங்காட்டியே மத்த கம்பெனிக்காரங்க கத்த ஆரம்பிச்சாச்சு. 1981-ல நின்ன வண்டிய அளந்தாங்க, 2026-ல ஆறுன எஞ்சினை. 45 வருசமாகியும் அளக்கறவனுக்குப் புத்தி வருல. நீ செகண்டைப் பாத்து அழுகாத. சட்டப் பொஸ்தகத்துல "அளக்கும்போது"ங்கற வார்த்தை எங்கெல்லாம் இருக்குதுன்னு கோடு போட்டு வெய்யி.

செகண்டுதான் பெருசுன்னா நம்ம கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயனை என்ன சொல்லுவே? 2011-லயும் 2012-லயும் மெல்போர்ன்ல, மொதல் ஆளோட நேரத்துல 107 சதவீதத்துக்குள்ள வருலைன்னு ரேஸ்லயே சேத்துக்கல. ஆனா 2005? தகுதிச் சுத்துல இருந்து ரேஸ் முடியற வரைக்கும் ஒரே செட் டயர்தான்னு, வேகத்தைக் கொறைக்க அப்பவும் ஒரு சட்டம். இண்டியானாபோலிஸ் மேட்டு வளைவை மிஷலின் டயர் தாங்காதுன்னு 14 காரு ரேஸ் தொடங்கங்காட்டியே, ஃபார்மேஷன் சுத்தோட பிட்டுக்குத் திரும்பிருச்சு. மிச்சம் 6 காருதான் ஓடுச்சு. நம்மாளு நாலாவது. இந்தியாக்காரன் மொதமொதல்ல பாயிண்ட் எடுத்தது அங்கதான். ஊரே வெடி போட்டிருக்கோணும்; நாந்தான் ரெண்டு போட்டேன், உன்ற அம்மா திட்டுனா.

செவலைக் காளை பல்லு என்னாச்சா? அந்தக் கமிட்டிக்காரர் இன்னும் உசுரோடதான் இருக்கறாரு. காபியக் குடி.